ஒரே ஒரு சைபர்

அத்தியாயம் 17

மணி ஒன்பது ஐம்பது. மாடி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்களே தவிர, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சென்ற வாரச் சண்டையின் சூடு இன்னும் ஆறவில்லை என்பதுதான் காரணம்.

பத்து மணிக்குக் கோடை விடுமுறை பஸ் டிக்கெட் முன்பதிவு திறக்கிறது. நாற்பது பஸ் முதலாளிகள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்துக்கு இந்தக் குடும்பம்தான் இணையதளம் நடத்துகிறது. மற்ற நாட்களில் அந்தத் தளம் பாதித் தூக்கத்தில் இருக்கும். இந்த ஒரு நாள் மட்டும் பத்து அடித்ததும் ஊர் மொத்தமும் வந்து கதவைத் தட்டும்.

போன வருடம் தட்டிய தட்டில் கதவே விழுந்துவிட்டது. பத்து மணிக்குத் திறந்த தளம் பத்து இருபதுக்குப் படுத்தது. மறுநாள் காலைதான் எழுந்தது. அப்போது சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சின்னவள். வீட்டின் கடைக்குட்டி என்பதால் அந்தப் பெயர், மற்றபடி வயது முப்பத்து நான்கு. மறுநாள் காலை அப்பா மாடிக்கு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளைச் சர்வர் மேசையிலிருந்து எழுப்பி, புகார் கேட்கும் டெலிபோன் மேசைக்கு மாற்றினார். அவள் எழுந்த இடத்தில் மருமகளை உட்கார வைத்தார்.

அண்ணியும் சின்னவளும் ஒரே படிப்பு, ஒரே வேலை. ஒரே உறையில் இரண்டு கத்தி. என்ன நடக்கும் என்று பதினாறு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சென்ற வாரம் அண்ணி சர்வரின் ப்ராசஸ் எண்ணிக்கையை இருபத்து நான்கிலிருந்து இருநூறாக ஏற்றினாள். சர்வரை ஒரு டிக்கெட் ஆபீஸ் என்று வைத்துக்கொண்டால், ப்ராசஸ் என்பது கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் ஆள். பக்கம் திறப்பதோ, காலி இருக்கை காட்டுவதோ, டிக்கெட் போடுவதோ, எதுவானாலும் ஒரு ஆள் காலியாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நீங்கள் வரிசையில் நிற்பீர்கள், உங்கள் போனில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டம் அதிகம் என்றால் ஆளை ஏற்ற வேண்டியதுதானே என்பது அண்ணியின் கட்சி. அவ்வளவு ஆள் அந்த இயந்திரத்தில் கொள்ளாது என்றாள் சின்னவள். உன்னுடைய இருபத்து நான்கு என்ன கிழித்தது என்று போன வருடம் பார்த்தோமே என்று அண்ணி திருப்பிக் கேட்டாள். ஒரு வருடமாகச் சின்னவளுக்குச் சொல்லாத பாஸ்வேர்டை அன்று மாலையே அண்ணி மறுபடியும் மாற்றினாள்.

இன்றும் தளம் விழுந்தால் சங்கம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும் என்று தலைவர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் அந்தக் கவலை. சின்னவளின் கவலை வேறு. தளத்தைக் கவிழ்த்தவள் என்ற பெயரை ஒரு வருடமாகச் சுமக்கிறாள். சுமக்கட்டும், தப்பு செய்தால் சுமக்கத்தான் வேண்டும். ஆனால் என்ன தப்பு செய்தோம் என்பதே அவளுக்குத் தெரியாது. மறுநாளே மேசையை விட்டு எழுப்பிவிட்டதால் உள்ளே போய்ப் பார்க்கவும் வழியில்லை. அது தெரியாமல் இந்த வீட்டில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மணி பத்து.

முதல் நான்கு நிமிடம் அமைதியாகப் போனது. அண்ணியின் திரையில் பச்சைக் கோடு மெல்ல ஏறியது. பெரியவன், அதாவது அண்ணன், மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இந்த வருடம் பயமில்லை என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டான். குடும்பத்தில் வாயால் பிழைப்பவன் அவன். சங்கத்தோடு பேசுவது, புது ஆட்களைப் பிடிப்பது, கோபமாக வருபவரைச் சிரிக்க வைத்து அனுப்புவது எல்லாம் அவன் வேலை. கம்ப்யூட்டரில் மற்ற இரண்டு பேருக்கும் தெரிந்ததில் கால்வாசி தெரியும்.

ஐந்தாவது நிமிடம் டெலிபோன் அடித்தது. சின்னவள் எடுத்தாள். ஒரு பெண்மணி, முகப்புப் பக்கமே வரவில்லை என்றார். அதை வைப்பதற்குள் அடுத்தது. இருக்கையைத் தேர்ந்தெடுத்தேன், பத்து நிமிடமாக வட்டம் சுற்றுகிறது என்றார் ஒரு பெரியவர். தளம் திறந்தே ஐந்து நிமிடம்தான் ஆகிறது என்று சின்னவள் அவரிடம் சொல்லவில்லை. காத்திருப்பவனுக்கு ஒரு நிமிடம் இரண்டாகத்தான் தெரியும்.

கீழேயிருந்து அம்மாவின் குரலும் வந்தது. பெரியம்மா ஊருக்குப் போக அம்மாவுக்கும் ஒரு டிக்கெட் வேண்டும். வீட்டிலேயே தளத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் வரிசையில் நிற்கிறீர்கள் என்று பிள்ளைகள் எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. ஊர்க்காரர்கள் எப்படி வாங்குகிறார்களோ அப்படியேதான் நானும் வாங்குவேன் என்பது அம்மாவின் கொள்கை. கொள்கை நல்லதுதான். ஆனால் வட்டம் சுற்றினால் அம்மாவுக்குப் பொறுக்காது, மறுபடி அமுக்குவாள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் வரிசையில் புதிதாக ஓர் அம்மா வந்து நிற்பாள், பழைய அம்மாவும் போகமாட்டாள். ஊர் முழுக்க எத்தனை ஆயிரம் பேர் இதையே செய்துகொண்டிருந்தார்களோ.

பத்து ஒன்பதுக்குத் தலைவரிடமிருந்து பெரியவனுக்கு அழைப்பு. அவன் போனோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவன் கை மட்டும் மேலும் கீழும் ஆடுவது தெரிந்தது.

அண்ணி இருநூறை அழித்துவிட்டு முந்நூறு என்று அடித்தாள். சர்வரை மறுபடி கிளப்பினால்தான் அது நடப்புக்கு வரும்.

சின்னவளுக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அடித்துக்கொண்டிருந்த டெலிபோனை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"அண்ணி, ஏத்தாதீங்க. இறக்குங்க."

"வெளியில அவ்வளவு கூட்டம் நிக்குது. ஆளைக் குறைக்கச் சொல்றியா நீ?"

"ஆள் பத்தாம இல்ல அண்ணி. ஆள் உக்கார இடம் பத்தல. மெமரியைப் பாருங்க, அப்புறம் ஹார்டு டிஸ்க்கைப் பாருங்க. நான் எதுவும் சொல்லல, நீங்களே பாருங்க."

அண்ணி பார்த்தாள். இயந்திரத்தின் மெமரியில் நாற்பது சொச்சம் ப்ராசஸுக்குத்தான் இடம். மீதி நூற்று அறுபது பேரை அது ஹார்டு டிஸ்க்கில் கொண்டுபோய்ப் போடுகிறது. அவர்கள் முறை வரும்போது உள்ளே இழுக்கிறது, உள்ளே இருப்பவரை வெளியே தள்ளுகிறது. டிஸ்க் என்பது மெமரியைவிடப் பல மடங்கு மந்தம். இப்படி ஆட்களை உள்ளேயும் வெளியேயும் மாற்றி உட்கார வைப்பதிலேயே இயந்திரத்தின் நேரமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. டிக்கெட் போட அதற்கு ஓய்வில்லை.

நாத்தனார் சொல்லி அண்ணி கேட்டதாக எந்தக் குடும்பத்திலும் சரித்திரம் கிடையாது. அண்ணியின் தாடை இறுகியது. ஆனால் அவளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ஆளை எளிதில் நம்பமாட்டாள், எண்ணைக் கண்டால் நம்பிவிடுவாள். இரண்டு விநாடி திரையையே பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

"நாப்பது."

நாற்பது என்று அடித்து, சர்வரை மறுபடி கிளப்பினாள். டிஸ்க் ஓய்ந்தது. முகப்புப் பக்கம் சட்டென்று திறந்தது. காலிங் பெல்லுக்குக் கதவு திறந்தது போல இருந்தது இருவருக்கும். அண்ணி தன் நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கினாள். சின்னவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினாறு வாரத்தில் இரண்டு பேரும் இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

ஆனால் சந்தோஷம் ஒன்றரை நிமிடம்தான். மறுபடி வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கீழே அம்மா, வந்தது, போய்விட்டது என்று அறிவித்தாள்.

அண்ணி திரும்பி நாத்தனாரைப் பார்த்த பார்வையில் போன வருடம் முழுக்க இருந்தது.

சின்னவள் பதறவில்லை. இங்கேதான் எனக்கு அவளைப் பிடிக்கும். பெயர் கெட்ட மனுஷி, கையில் பாஸ்வேர்டு கிடையாது, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் இயந்திரத்தின் முன்னால் வந்துவிட்டால் அவளுக்குச் சந்தேகம் என்பதே வராது. இடப் பிரச்சினை தீர்ந்தது, இது வேறு பிரச்சினை, அவ்வளவுதான் என்றாள். நாற்பது பேரும் இந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கலாம், அந்தப் பட்டியலைத் திறங்கள் என்றாள்.

அண்ணி திறந்தாள். நாற்பது வரிகள். நாற்பதும் அச்சடித்தது மாதிரி ஒன்றாக இருந்தன.

காத்திருக்கிறது. காத்திருக்கிறது. காத்திருக்கிறது.

இயந்திரம் சும்மா இருந்தது. மெமரியில் இடம் இருந்தது, டிஸ்க் தூங்கியது. வெளியே பல்லாயிரம் பேர் நிற்க, உள்ளே நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு எதற்கோ காத்திருந்தார்கள். முகப்புப் பக்கத்தைக் காட்டக்கூட ஓர் ஆள் இல்லாமல் போனது அதனால்தான்.

எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பதும் அதிலேயே இருந்தது. டிக்கெட் போட்டதும் பயணிக்கு எஸ்.எம்.எஸ். போகும். அதை அனுப்பித் தருவது வெளியிலுள்ள ஒரு கம்பெனி. அவர்கள் 'அனுப்பிவிட்டோம்' என்று பதில் சொல்லும்வரை ப்ராசஸ் அங்கேயே நிற்கும். மற்ற நாட்களில் அரை விநாடியில் பதில் வந்துவிடும். இன்று இந்தத் தளத்திலிருந்து மட்டுமே ஆயிரக்கணக்கில் எஸ்.எம்.எஸ். போனதில், அந்தக் கம்பெனியே திணறிப்போய்ப் பதில் சொல்லாமல் கிடந்தது.

"அதுக்குத்தான் நான் அளவு வெச்சேனே," என்றாள் சின்னவள். "மூணு விநாடி பாரு, பதில் வரலன்னா விட்டுட்டு டிக்கெட்டைக் காட்டுன்னு எழுதியிருந்தேனே. அந்த இடத்தைக் காட்டுங்க."

அண்ணி அந்த வரிக்குப் போனாள். ஓடுகிற புரோகிராமில் கை வைக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. ஒரு வருடமாக அந்தப் பக்கமே அவள் எட்டிப் பார்த்ததில்லை.

அங்கே முப்பது என்று இருந்தது.

முப்பது விநாடி. நாற்பது ஆட்கள், ஆளுக்கு முப்பது விநாடி என்றால் நிமிடத்துக்கு எண்பது டிக்கெட். போன வருடம் இருந்த இருபத்து நான்கு பேருக்கு நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. வாசலில் ஊரே நிற்கும்போது நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. தளம் ஏன் விழுந்தது என்பது ஒரு வருடம் கழித்து அந்த ஒரு வரியில் கிடைத்தது.

மூணுக்குப் பதில் முப்பது என்று நீயே அடித்திருப்பாய், அவசரத்தில் விரல் தவறியிருக்கும் என்று அண்ணி மெதுவாகச் சொன்னாள். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

யானைக்கும் அடி சறுக்கும், உண்மைதான். ஆனால் இந்த வரியில் தான் சறுக்கவில்லை என்று சின்னவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த மூன்றை அவள் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. அதை எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா போனில் ஏதாவது திறக்கும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாவது விநாடி வரை அம்மா பொறுத்தாள். நான்காவது விநாடி அம்மாவின் கட்டைவிரல் தானாக மறுபடி அமுக்கப் போனது. மனுஷப் பொறுமை மூன்று விநாடி என்று அன்று முடிவு செய்து எழுதிய எண் அது. அதை அண்ணியிடம் சொன்னாள்.

அண்ணி பதில் சொல்வதற்குள் பால்கனிக் கதவு திறந்தது. பெரியவன் வேர்த்து வழிய உள்ளே வந்தான். தலைவர் கத்துகிறார், இன்னும் கால் மணி நேரம் பார்ப்பாராம், என்னதான் ஆயிற்று என்றான்.

எஸ்.எம்.எஸ். தான் மென்னியைப் பிடிக்கிறது, அந்த வேலையை டிக்கெட் போடும் ப்ராசஸிலிருந்து பிரித்துவிடப் போகிறோம் என்றாள் அண்ணி.

பெரியவன் முகம் மாறியது.

"எஸ்.எம்.எஸ்.ஸைத் தொடாதீங்க. அது போய்ச் சேர்ந்தாதான் டிக்கெட் காட்டணும்னு தலைவர் கண்டிஷனா சொல்லியிருக்கார். வேற என்ன வேணா பண்ணுங்க, அந்த முப்பதை மட்டும் தொட வேண்டாம்."

அறையில் டெலிபோன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

எஸ்.எம்.எஸ். என்றுதான் அண்ணி சொன்னாள். முப்பது என்ற எண்ணை இந்த அறையில் யாரும் அவனிடம் சொல்லவில்லை. திரையும் அவன் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

அண்ணி கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். புரோகிராமில் எந்த வரியை, எந்த நாளில், யார் மாற்றினார்கள் என்பது தானாகவே பதிவாகிவிடும். அந்தப் பதிவைத் திறக்க இரண்டு சாவி அழுத்தினால் போதும். அவள் விரல் முதல் சாவியில் நின்றது. ஒரு பக்கம் தாலி கட்டியவன், இன்னொரு பக்கம் ஒரு வருடமாகத் தன்னால் மட்டம் தட்டப்பட்டவள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நாளை இதே வீட்டில்தான் விழித்தாக வேண்டும். அண்ணியை எனக்கு இதுவரை அவ்வளவாகப் பிடித்ததில்லை. இன்று பிடித்துப்போனது.

அவள் இரண்டாவது சாவியையும் அழுத்தினாள். வந்ததைப் படித்தாள். திரையைச் சின்னவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

மூன்று என்பது முப்பதாக மாறிய நாள், போன வருடம் முன்பதிவு திறப்பதற்கு முதல் நாள் மாலை ஐந்து நாற்பது. மாற்றியவன் பெயரின் இடத்தில் பெரியவனின் பெயர்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை எழுத்தில் கண்ணெதிரே பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சின்னவளுக்குக் கிடைத்தது. கோபம் வந்தது. காது மடல் வரை சுட்டது. ஒரு வருடம் டெலிபோனில் ஊர்க்காரர்களின் வசவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இவன் பின்னால் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தானே என்று நினைத்தாள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

பெரியவன் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றான். "ஒரே ஒரு சைபர்தான்..." என்று ஆரம்பித்தான்.

"அண்ணா, அப்புறம்," என்றாள் சின்னவள். "தளம் எந்திரிக்கட்டும். சண்டைக்கு நாள் முழுக்க இருக்கு. அண்ணி, ரத்தான பஸ்ஸுக்குத் தகவல் அனுப்ப நான் ஒரு தனி ப்ராசஸ் எழுதி வெச்சேனே, இன்னும் இருக்கா?"

இருந்தது. யாரும் தொடாததால் நன்றாகவே இருந்தது. பயணிகளுக்குச் செய்தி அனுப்புவது ஒன்றே அதன் வேலை. அது எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கவுன்டரில் நிற்பவருக்கு நஷ்டமில்லை. டிக்கெட் போட்ட ப்ராசஸ், எஸ்.எம்.எஸ்.ஸை இதன் தட்டில் வைத்துவிட்டு உடனே அடுத்த ஆளைக் கூப்பிடலாம். செய்தி பயணிக்கு இரண்டு நிமிடம் கழித்துப் போகும், போகட்டுமே. பஸ் அடுத்த வாரம்தானே.

சின்னவள் சொல்லச் சொல்ல அண்ணி அடித்தாள். ஓர் இடத்தில் சின்னவள் சொன்னதை அண்ணி திருத்தினாள். கம்பெனி பதில் சொல்லவில்லையென்றால் அதே செய்தி மறுபடி மறுபடி போகுமே, ஒரே பயணிக்குப் பத்து எஸ்.எம்.எஸ். போய் நிற்குமே என்றாள். ஆமாம், மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டாள் சின்னவள். அதற்கும் ஒரு வரி சேர்த்தார்கள். இரண்டு பேரும் ஒரு தடவை படித்தார்கள். மொத்தம் ஒன்பது வரி, பதினொரு நிமிடம்.

சங்கத்தின் கண்டிஷனை மீறுகிறோமே என்று பெரியவன் பின்னாலிருந்து முனகினான். மீறினது நான்தான் என்று தலைவரிடம் நானே சொல்கிறேன் என்றாள் சின்னவள், திரும்பிப் பார்க்காமல்.

பத்து முப்பத்தொன்றுக்கு அண்ணி சர்வரைக் கிளப்பினாள்.

நாற்பது ப்ராசஸும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெற்றன. பட்டியலில் காத்திருக்கிறது என்ற வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது. அரை விநாடிக்கு ஒரு டிக்கெட் போட்டுத் தள்ளின. நாற்பது பேர், ஆளுக்கு அரை விநாடி. நிமிடத்துக்கு எண்பதாக இருந்தது விநாடிக்கு எண்பதாகிவிட்டது. ஆள் ஒன்றுகூடக் கூட்டவில்லை. டெலிபோன் அழைப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, கடைசி மணி பாதியில் நின்றது. அண்ணி எண்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கீழேயிருந்து அம்மா கூவினாள். ஜன்னலோர இருக்கையே கிடைத்துவிட்டதாம்.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி. தளம் அசையவில்லை. கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. அண்ணி பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சின்னவள் கையில் வைத்து மூடினாள். மன்னிப்பு என்ற வார்த்தை இருவர் வாயிலும் வரவில்லை. வந்திருந்தால் இரண்டு பேருக்குமே சங்கடமாக இருந்திருக்கும்.

தலைவரின் அழைப்பு மறுபடி வந்தது. பெரியவன் போனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போகச் சொல்லவுமில்லை, தடுக்கவுமில்லை. பால்கனிப் பக்கம் இரண்டடி வைத்தவன் அப்படியே நின்று திரும்பி வந்தான். போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினான்.

தலைவர் மகிழ்ச்சியில் மிதந்துகொண்டிருந்தார். இதுவரை திறந்த எல்லாப் பஸ்ஸும் நிரம்பிவிட்டதாம், நாற்பது முதலாளிகளும் வாழ்த்துச் சொன்னார்களாம், என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கேட்டார்.

எஸ்.எம்.எஸ். வேலையைப் பிரித்த கதையைச் சின்னவள் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். கண்டிஷனை மீறியது தான்தான் என்றும் சொன்னாள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டிக்கெட் விற்றால் சரி என்றார்.

பெரியவன் தொண்டையைச் செருமினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் ஒரு வருடம் மறைத்தவனுக்கு, அதை வெளியே எடுத்து வைப்பது சுலபமாக இல்லை. ஆனாலும் எடுத்து வைத்தான்.

"தலைவரே, ஒண்ணு சொல்லணும். போன வருஷம் தளம் விழுந்ததுக்கு என் தங்கச்சி காரணம் இல்ல. நான்தான். முதல் நாள் நீங்க கேட்டீங்கன்னு, யார்கிட்டயும் சொல்லாம ஒரு நம்பரை நான் மாத்திட்டேன். பழியை அவமேல போக விட்டுட்டேன். இன்னிக்கு வரைக்கும் சொல்ல தைரியம் வரல."

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வாக்கியத்துக்காகத்தான் ஒரு வருடம் காத்திருந்தோம் என்று அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்தப்பக்கம் தலைவர் லேசாகச் சிரித்தார்.

"இதைச் சொல்லவா இவ்வளவு யோசிச்சே? அதான் எனக்குத் தெரியுமேப்பா. தளம் விழுந்த அன்னிக்கு சாயங்காலமே உங்கப்பா போன் பண்ணிச் சொன்னாரே. பையன் கை வெச்சுட்டான், மன்னிச்சுக்கோங்கன்னு."

பெரியவனின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அப்பாவிடம் நான் சொல்லவேயில்லை என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

சின்னவள் மனதுக்குள் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தளம் விழுந்த அன்று மாலை அப்பாவுக்குத் தெரியும். மறுநாள் காலை அப்பா மாடியேறி வந்து அவளை எழுப்பினார்.

தெரிந்துதான் எழுப்பினார்.

அவள் தலைவருக்கு நன்றி சொல்லி அழைப்பை முடித்தாள். பதினோரு மணிக்கு மலைப்பாதை பஸ்கள் திறக்கும், எண் நாற்பதைத் தாண்ட வேண்டாம், நான் வந்துவிடுகிறேன் என்று அண்ணியிடம் சொன்னாள். ஒவ்வொரு படியாக, வேகமில்லாமல் கீழே இறங்கினாள். பயம் இல்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதைக் கேட்கும் உரிமை இன்றைக்குக் கையில் இருந்தது.

அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே நின்றாள்.

"தப்பு அண்ணனோடதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏம்பா என்னை எழுப்புனீங்க?"

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. என்றைக்காவது இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தவர் போல, அடுக்களை வாசலைப் பார்த்தார்.

அம்மா அங்கே நின்றிருந்தாள். ஜன்னலோர இருக்கை கிடைத்த சிரிப்பு முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"அவரைக் கேக்காதே," என்றாள். "உன்னை எழுப்பச் சொன்னது நான்."